பல் ஊசி போட்ட மரப்பு இன்னும் தெளியவில்லையா?

(திரையில்: கீழ்த்தாடை, பின்பக்கம் ஊசி இறங்கும் இடம்)

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்காக லிடோகெயின் ஊசி போட்டால் உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் மரத்திருக்கும். மறுநாள் காலையிலும் பாதி நாக்கு தடித்துக் கிடந்தால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தோடு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஊசி போட்ட டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஊசி இறங்கும் இடத்தில் இரண்டு நரம்புகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகிறது, இன்னொன்று நாக்குக்கு. அதிகம் பாதிக்கப்படுவது நாக்கு நரம்புதான். ஊசிமுனை பட்டிருக்கலாம், உள்ளே ரத்தம் கசிந்து நரம்பை அழுத்தலாம், மருந்தே நரம்பைப் புண்படுத்தலாம். கவனமான கைக்கும் இது நேரும். பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 10 வாரத்துக்குள் தெளிந்துவிடும்.

(திரையில்: கண்ணாடி, பஞ்சுத் திரி, நோட்டு)

அதுவரை சும்மா காத்திருக்க வேண்டாம், வரைபடம் போடுங்கள். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். பஞ்சுத் திரியால் முகவாயை மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். உணர்வு நிற்கிற இடத்தில் ஐப்ரோ பென்சிலால் புள்ளி வைத்து, போட்டோ எடுங்கள். நாக்கென்றால் நோட்டில் படம் வரைந்து குறியுங்கள். அந்தப் பக்கம் உப்பும் சர்க்கரையும் தெரிகிறதா என்றும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை போதும். நரம்பு மெதுவாகத்தான் தேறும். தினமும் தொட்டுப் பார்த்தால் மனம்தான் சோர்ந்துபோகும். நான்கு வாரப் படங்களை வரிசையாக வைத்தால், எல்லைக்கோடு நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எறும்பு ஊறுவது போலிருந்தால் பெரும்பாலும் நரம்பு விழிக்கிறது என்று அர்த்தம். எரிச்சலும் குத்தலுமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். நரம்பு வலிக்கென்றே பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்துத் தருவார். பி12 மாத்திரையைப் பலரும் எழுதித் தருகிறார்கள். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், ஆதாரம் குறைவு.

அப்புறம், சாப்பாடு. காபியை ஆற்றிக் குடியுங்கள், மறுபக்கம் மெல்லுங்கள். மீன் முள்ளில் கூடுதல் கவனம் வேண்டும், குத்தினாலும் தெரியாது. படுக்கும் முன் டார்ச் அடித்து, கடிபட்ட புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மாதமாகியும் கோடு நகரவே இல்லையா? வாய், முகத்தாடை அறுவை நிபுணரிடம் போங்கள். ஊசியால் வந்த பாதிப்புக்கு அறுவை சிகிச்சை அரிதாகத்தான் தேவைப்படும். ஞானப்பல் எடுத்தபோது நரம்பு அறுபட்டிருந்தால் கதை வேறு, அங்கே தாமதம் நல்லதல்ல. எதுவானாலும் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவதே, எப்போதிலிருந்து, எதுவரை மரத்திருக்கிறது என்பதுதான்.