எலக்ட்ரான் கன்: பீமோட தரம் முதல் அரை அடியிலயே முடிவாகிடுது

வணக்கம் மக்களே, காரைக்குடில இருந்து பேசுறேன். பார்ட்டிகிள் ஆக்சிலரேட்டர்னாலே கிலோமீட்டர் கணக்குல நீளம்னு தான் எல்லாரும் காட்டுறாங்க, நான் இன்னிக்கு அதோட முதல் அரை அடிய, அதாவது எலக்ட்ரான வெளிய எடுத்து தள்ளிவிடுற எலக்ட்ரான் கன்ன பத்தி மட்டும் பேசப்போறேன், ஏன்னா பீம், அதாவது எலக்ட்ரான் கற்றை, தேறுமா தேறாதான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

[திரையில்: செட்டிநாட்டு வீடு, ஒரே நேர்ல கதவுகள்]

நம்ம வீடுங்கள்ல முகப்புல நின்னா வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பின்வாசல் தெரியும்ல? ஒரு கூட்டம் எந்த நிலையிலயும் இடிக்காம பின்வாசல் வரைக்கும் போகணும்னா நெருக்கமாவும் வரணும், பக்கவாட்டுல சாயாம நேராவும் நடக்கணும். எலக்ட்ரான் கூட்டத்தோட அகலத்தையும் சிதறுற கோணத்தையும் சேர்த்து அளக்குறது தான் எமிட்டன்ஸ். காந்த லென்ஸ் வச்சு அகலத்த குறைச்சா கோணம் கூடிடும். எனர்ஜி ஏத்தினா கோணம் சுருங்கும் தான், ஆனா எனர்ஜியையும் கணக்குல சேர்த்து பாக்குற நார்மலைஸ்டு எமிட்டன்ஸ் நேர் மெஷின்ல குறையவே குறையாது. இந்தூர்ல இருக்குற இண்டஸ்-2 மாதிரி வட்ட மெஷின்ல எலக்ட்ரான் சுத்தி சுத்தி ஒளிய விட்டு தானா அடங்கும், அது வேற கதை.

[திரையில்: கேதோடு மேல லேசர்]

மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்குற எங்க ஊர்ல கேதோடுன்னா எலக்ட்ரான வெளிய விடுற முனைன்னு சொல்லத் தேவையில்ல, இங்க கரைசலுக்கு பதிலா வெற்றிடம், அவ்ளோதான். அமெரிக்காவுல எல்சிஎல்எஸ்ங்கிற எக்ஸ்ரே லேசர் மெஷின்ல காப்பர் கேதோடு மேல அல்ட்ராவயலட் லேசர் அடிக்கிறாங்க. எலக்ட்ரான் வெளிய வர தேவையானதுக்கு மேல ரொம்ப எனர்ஜி குடுத்தா அது கண்ட பக்கம் தெறிக்கும், அதனால கொஞ்சூண்டு தான் கூட குடுப்பாங்க.

இதவிட பெரிய தலைவலி அதுங்க ஒண்ண ஒண்ணு தள்ளுறது! ஒரு கொத்துல 250 பிக்கோகூலும் மின்னூட்டம், அதாவது கிட்டத்தட்ட 156 கோடி எலக்ட்ரான். மெதுவா போறப்ப தான் இந்த தள்ளல் ஜாஸ்தி, ஒளி வேகத்த நெருங்கிட்டா அதுங்களோட சொந்த காந்தப்புலமே தள்ளல கிட்டத்தட்ட சரிகட்டிடும், அதான் மீட்டருக்கு 10 கோடி வோல்ட்டுக்கு மேல புலம் வச்சு பொறந்த உடனே இழுத்துடுறாங்க. இருந்தாலும் கொத்தோட நடுப்பகுதி ஒரு அளவுல விரியும், முனைங்க வேற அளவுல விரியும், இத ஒரு சாலினாய்ட், அதாவது கம்பிச்சுருள் காந்தம், வச்சு திரும்ப ஒண்ணா சேர்க்கலாம்னு 1989ல கார்ல்ஸ்டன்ங்கிற இயற்பியலாளர் காட்டினாரு, எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்ப பிடிச்ச ஐடியா இது தான். இதெல்லாம் சேர்ந்து தான் அரை மைக்ரோமீட்டர் பக்கம் எமிட்டன்ஸ் கிடைச்சுது, 2009ல எல்சிஎல்எஸ்ல எக்ஸ்ரே லேசரும் வந்துச்சு.

ஜப்பான்ல சாக்லாங்கிற எக்ஸ்ரே லேசர் மெஷின்ல, கேதோடு மேல லேசர் அடிக்காமலேயே, 3 மில்லிமீட்டர் சீரியம் ஹெக்ஸாபோரைடு படிகத்த சூடாக்கி, 500 கிலோவோல்ட்ல இழுத்து, அப்புறம் படிப்படியா கொத்த அமுக்கி 2011ல அதே வேலைய செஞ்சு காட்டினாங்க.