முன்னேர் போன வழி
(வெளிநாட்டு அரையாண்டுப் படிப்பு பற்றி வெள்ளவத்தையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்து சபையைச் சிறப்பிக்கும் துணைவேந்தர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், மலையகம் என்று நாலா பக்கத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்குக் கொழும்புக் கிளை அமைத்து நடத்திவரும் தலைவர்களே, செயலாளர்களே, வர்த்தகப் பெருமக்களே, பின்வரிசையில் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத் தலைவருக்கு நன்றி. இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் தம் பெயரைச் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று சபைக்குத் தெரியும். ஒரு கரகோஷம் கொடுங்கள். துணைவேந்தர் அவர்கள் நாளைக் காலைக் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு இந்த மாலையை எங்களுக்காக ஒதுக்கியிருக்கிறார். அதற்கும் நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, வெளிநாட்டுக் கடற்கரை நகரமொன்றில் ஓர் அரையாண்டு படிப்பது. மூன்று விடயம் பேசலாமென்று வந்தேன். அங்கே போய் என்ன படிக்கலாம், யார் போகலாம், என்ன காசில் போவது.

நகரத்தை நானே தெரிவு செய்துகொள்கிறேன். நோர்வேயின் பேர்கன். ஏழு மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஊர். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை. மார்கழியில் ஆறு மணித்தியாலம்தான் வெளிச்சம். ஆனாலும் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் வந்து தொடுவதால் துறைமுகம் உறைவதில்லை. 1946இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. கடல் ஆய்வு நிறுவனமும் அங்கேதான். அந்த நிறுவனம் நடத்தும் நான்சன் என்ற ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை நம் கடலில் மீன்வளம் அளந்தது. 2018இல் அதே பெயர் கொண்ட புதிய கப்பல் வந்து, மட்டக்குளியில் இருக்கும் நமது நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவினரோடு சேர்ந்து அளந்தது. நம் கடலைப் பற்றிய கணக்கு அந்த ஊரில் இருக்கிறது. அதைப் படிக்க நம் பிள்ளைகள் போகவேண்டாமா?

முன்னேர் போன வழியே பின்னேர் என்று நம் கமக்காரர் சொல்வார்கள். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1956இல் யாழ்ப்பாணத்து ஆண்டனி இராஜேந்திரம் நோர்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்றார். அங்குள்ளவர்களின் துணையோடு காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனத்தை எழுப்பினார். அந்த நிறுவனத்தார் வலையும் வள்ளமும் செய்தார்கள். பிறகு நம் இளைஞர்கள் அந்த நாட்டில் 'மக்கள் கல்லூரி' எனப்படும் கல்லூரிகளில் மாணவராகச் சேர்ந்து வரிசையாகப் போனார்கள். இன்று நோர்வேத் தமிழர் என்று ஒரு சமூகமே இருக்கிறது. முன்னேர் ஒன்று போனதால் வந்தது அது.

இப்போது ஒரு பிள்ளையின் கதை. மன்னார்த் தீவுப் பிள்ளை. தகப்பன் கடற்தொழிலாளி, தாய் கருவாடு போடுகிறவ. பிள்ளை விஞ்ஞான பீடத்தில் படித்தது. கொழும்பில் அறை எடுத்திருந்த காலத்தில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்தது. பேர்கனுக்கு ஓர் அரையாண்டு போக இடம் கிடைத்தது. தாய் கேட்ட முதல் கேள்வி, "அங்க மீன் கிடைக்குமா பிள்ளை?" என்பதுதான்.

போய் இரண்டாம் கிழமை, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகச் சந்தைக்குப் போயிருக்கிறாள். அங்கே பலகை மாதிரிக் காய்ந்த பெரிய மீன்கள் தொங்குகின்றன. வடக்கே லொபோட்டன் தீவுகளில் காயவைக்கும் கொட் மீன். நூற்றாண்டுக் கணக்காகப் பேர்கன் பணக்கார ஊரானதே அந்தக் காய்ந்த மீனை ஐரோப்பாவுக்கு விற்றுத்தான். பிள்ளை மணந்து பார்த்தாள். கருவாடுதான், ஆனால் உப்பு மணம் இல்லை. "எத்தனை உப்பு போடுவீர்கள்?" என்று கேட்டாள். "உப்பே போடுவதில்லை, குளிர்காற்றில் மாசியிலிருந்து வைகாசி வரை தொங்கவிடுவோம்" என்றார் கடைக்காரர். உப்பில்லாமல் கருவாடா! அன்றிரவே தாய்க்கு வாட்ஸ்அப்பில் படம் போயிற்று. தாய் நம்பவில்லை. "அவன் உனக்குப் பொய் சொல்லுறான், புழு வைக்குமெல்லே" என்றா.

அடுத்த வகுப்பில் இதைப் பேராசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா புத்தகத்தை மூடிவிட்டு, "உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள், வருகிற கிழமை நீயே சொல்" என்றா. பிள்ளைக்கு நடுக்கம். வாழ்க்கையில் மேடை ஏறியவள் இல்லை. தாயிடமே கேட்டாள். தாய் கடற்கரையில் நின்றபடி போனைப் பிடித்துக்கொண்டு கட்டாவை எப்படிக் கீறுவது, உப்பு எவ்வளவு அடைவது, வெயில் ஏறினால் எப்போது புரட்டுவது, மழைக்குணம் கண்டால் எப்படி மூடுவது என்று காட்டினா. அந்தக் காணொளியைத் திரையில் போட்டு, தாய் தமிழில் சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். முடிந்ததும் வகுப்பு எழுந்து நின்று கைதட்டியதாம். மன்னார்க் கடற்கரையில் கருவாடு போடுகிற ஒரு தாய், பேர்கன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தா, ஐயா! இதைச் சொல்லும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இனி நான் உண்மையாகச் சொல்ல வந்தது. அந்தப் பிள்ளை போகாமலே இருந்திருப்பாள்.

படிப்புக் கட்டணம் அல்ல காரணம். நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்கள் 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் ஒப்பந்தப்படி பரிமாற்றத்தில் போகும் மாணவருக்கு அது இல்லை. இலவசக் கல்வியில் வளர்ந்த நம் பிள்ளை அங்கேயும் கட்டணமின்றிப் படிக்கலாம். படிப்பை அளக்கும் கிரெடிட் கணக்கும் தடையல்ல. அங்கே ஓர் அரையாண்டுக்கு 30, நம் தகைமைச் சட்டகத்தில் 15. நம்முடைய ஒன்று 50 மணித்தியால உழைப்பு, அவர்களுடையது 25 முதல் 30 வரை, ஆகவே மொத்த உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கற்றல் உடன்படிக்கையில் புறப்பட முன்பே இரு பல்கலைக்கழகமும் கையொப்பமிட்டால் பிள்ளைக்கு அரையாண்டு வீணாகாது. துணைவேந்தர் அவர்கள் தலையசைக்கிறார்கள், நன்றி.

தடை எங்கே என்றால், உதவித்தொகை கிடைத்த பிறகும் அது கைக்கு வர முன்னர் வரும் செலவில். கடவுச்சீட்டு, விசாக் கட்டணம், காப்புறுதி, விமானச்சீட்டு, அறைக்கு முற்பணம். 2023இல் கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் மூடப்பட்டபின் அலுவல்கள் புது டில்லித் தூதரகத்தின் பொறுப்பில், அலைச்சலும் கூடிவிட்டது. முதல் தவணைப் பணமோ பிள்ளை போய் இறங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் வரும். வசதியுள்ள வீட்டில் இது ஒரு மாதக் கைமாற்று. கடற்கரை வீட்டிலும் மலையகத் தோட்டத்து லயத்து வீட்டிலும் இதுவே சுவர். அந்தத் தாய் தாலிக்கொடியை அடைவு வைத்தா. எல்லாத் தாய்க்கும் அடைவு வைக்கக் கொடி இல்லை. இடம் கிடைத்தும் கடிதம் எழுதி விலகிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பழைய மாணவர் சங்கத் தலைவர்களே, நீங்கள் வளைவு கட்டினீர்கள், மைதானத்துக்கு விளக்குப் போட்டீர்கள், நூற்றாண்டு மலர் அச்சடித்தீர்கள். எல்லாம் பாடசாலைமேல் வைத்த அன்பால் செய்தவை, மதிக்கிறேன். அதே அன்போடு ஒரு சுழற்சி நிதி தொடங்குங்கள் என்றுதான் நான் ஊரூராகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தானம் வேண்டாம். வட்டியில்லாக் கடன். பிள்ளை போய்ச் சேர்ந்து தவணைப் பணம் வந்ததும் சிறிது சிறிதாகத் திருப்பித் தருவாள். அதே காசு அடுத்த அரையாண்டு அட்டனிலிருந்து ஒரு பையனை அனுப்பும், அதற்கடுத்து வாழைச்சேனையிலிருந்து ஒரு பிள்ளையை. முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்பது இந்த நிதிக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது.

ஒரு சங்கத்தால் முடியாவிட்டால் மூன்று சங்கம் சேருங்கள். பாடசாலைப் பெயர் எது முன்னால் வருவது என்று மட்டும் தர்க்கம் வேண்டாம். கடனுக்குப் பிணை கேட்காதீர்கள். பல்கலைக்கழகம் தந்த அனுமதிக் கடிதமும் உதவித்தொகைக் கடிதமும் போதும். பெண்பிள்ளை என்று தயங்காதீர்கள். கணக்கை வருடந்தோறும் பொதுச்சபையில் வையுங்கள்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். வாசலில், பதிவு மேசைக்குப் பக்கத்தில், நீலக் கொப்பியோடு இரண்டு மாணவிகள் இருக்கிறார்கள். சங்கச் செயலாளர்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிட்டுப் போங்கள். வருகிற சனிக்கிழமை மாலை இதே மண்டபத்தில் கூடி நிதிக்கான யாப்பு, அதாவது விதிமுறை, எழுதுவோம். நன்றி, வணக்கம்.