பழைய சுவருக்குச் சிமெண்ட் பகை

அவையோருக்கு வணக்கம்.

பழைய கட்டடத்தை ஏன் காக்க வேண்டும் என்று கேட்டால் அழகு, பெருமை, முன்னோர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அழகைத்தான் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாமே, கட்டடம் எதற்கு என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? படத்தில் விழாத சங்கதி சுவருக்குள் இருக்கிறது. கற்களை ஒட்டவைக்கும் சாந்தான காரை எது, எவ்வளவு கனம், கல்லைக் கல் எப்படிக் கவ்வுகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதையெல்லாம் கட்டியவர்கள் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை, கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஏட்டை இடிக்க வருபவர்களைத் தடுக்கப் பல நாடுகளில் சட்டம் உண்டு. பழுதுபார்க்க வருபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது 1824-இல். அதற்கு முந்தைய செங்கல், கல் சுவர்களில் பெரும்பாலானவை சுண்ணாம்பிலோ மண்ணிலோ எழுந்தவை. அவற்றின் அடியில் ஓதம் தடுக்கும் படலம் பொதுவாக இருக்காது. தரையிலிருந்து ஈரம் ஏறும், பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். ஏறுகிற அளவு வெளியேறும்வரை சுவருக்கு ஒரு குறையும் இல்லை.

இதன்மேல் சிமெண்டைப் பூசிப் பாருங்கள். ஈரத்துக்கு வெளியேற வழி அடைபடும். அது இன்னும் மேலே ஏறும், கரைந்த உப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். படிகம் வளர இடம் தேடி, செங்கலின் நுண்துளைகளை நெட்டி உடைக்கும். முன்பு வெளிப்பூச்சில் பூத்து உதிர்ந்த உப்பு இப்போது செங்கலுக்குள்ளேயே பூக்கிறது. சில ஆண்டுகள் போனபின் விரல் கணுவால் தட்டினால் பூச்சு பொள்ளலாக ஒலிக்கும். ஒரு துண்டைப் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள், செங்கலின் முகம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பூச்சு என்னவோ கெட்டியாகத்தான் இருக்கிறது, சிக்கலே அந்தக் கெட்டிதான். காரை எப்போதும் கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். தேய்ந்தால் காரை தேயட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம். செதுக்கிய கல்லை மாற்ற முடியாது.

சரியான முறை ஒன்றும் மறைபொருள் அல்ல. செங்கற்களுக்கு இடையே காரை உதிர்ந்த சந்தைக் கையுளியால் சுரண்ட வேண்டும். கட்டிங் மெஷின் செங்கலின் ஓரத்தையும் சேர்த்து அறுத்துவிடும், அதை எடுக்கவே கூடாது. சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 20 மில்லிமீட்டராவது தோண்டி, தூசியைத் துடைத்து, நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் காரையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது மாவாக உதிரும். தண்ணீர் விட்டு நீற்றி, மாதக்கணக்கில் நீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்முனையுள்ள மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு என்று தொடங்கலாம். அசல் காரையைச் சோதித்துப் பார்த்துத்தான் கடைசி அளவை முடிவு செய்ய வேண்டும். ஆழமான சந்தை ஒரே மூச்சில் அடைக்காமல், 10 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காகத் திணிக்க வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரச்சாக்கு தொங்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லத் திரும்பவும் கல்லாகும், ஈரம் இல்லாவிட்டால் அந்த வினை நின்றுவிடும். திறப்புவிழாத் தேதி குறித்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்களுக்கு இது ஒத்துவராது. சிமெண்ட் மூட்டை உள்ளே வருவது பெரும்பாலும் அங்கேதான்.

இதே தவறு இரும்பிலும் நடந்திருக்கிறது. ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தினானில் பளிங்குக் கற்களைப் பிணைத்த பழங்காலத்து இரும்புப் பட்டைகளைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்த பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் காலத்து இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், பளிங்கு பிளந்தது. சில கற்கள் இடம் மாறியும் பொருத்தப்பட்டிருந்தன. 1975-இல் அமைந்த குழுவின் கீழ் அந்த இரும்பைக் கழற்றி டைட்டானியம் வைத்து, கற்களை உரிய இடத்துக்கு மாற்றுகிறார்கள். பழுதுபார்த்ததைப் பழுதுபார்க்கவே அரை நூற்றாண்டு! ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டின் சர்வதேச வெனிஸ் சாசனம் சொல்வதைப் பார்த்தினான் பட்ட பாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாலி நாட்டின் ஜென்னே பெரிய மசூதி வேறு மாதிரி. 1907-இல் இன்றைய வடிவில் எழுந்த மண் கட்டடம். சுவர்களிலிருந்து பனங்கட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் அலங்காரம் என்பார்கள், ஆனால் அதுதான் ஏறி நின்று வேலை செய்யும் சாரம். ஊரார் கூடி மண் பூசும்போது அதில்தான் கால் வைத்து ஏறுவார்கள். மழை கரைக்கும், நாங்கள் பூசுவோம் என்று கட்டும்போதே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பராமரிப்புக்கான ஏணியைச் சுவரிலேயே வைத்துக் கட்டிய அந்தக் கொத்தர்களின் முன்யோசனை இன்றைய கண்ணாடிக் கட்டடங்கள் பலவற்றில் இல்லை.

ஆக, பழைய கட்டடம் உங்கள் பொறுப்பில் வந்தால் முதலில் கூரைக்குப் போங்கள். நீர்த்தாரையில் இலை அடைத்திருந்தால் கீழே எந்தப் பூச்சும் நிற்காது. சுவரில் முளைத்த செடியைப் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். தண்டை வெட்டி, வேர் பட்டுப்போனபின் எடுத்துச் சந்தை அடையுங்கள். விரிசல் இருந்தால் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு முனையிலும் ஒட்டித் தேதி எழுதுங்கள். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்காமல் விரிசலை அடைத்துப் பயனில்லை. உடையாவிட்டாலும் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடக்கட்டும். அதற்குள் அளந்து, வரைந்து, படமெடுத்து, பழைய காரையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம். புதுக் கலவையையும் கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர அடி மட்டும் பூசி, அதுவும் அந்த மழையில் நனையட்டும்.