பொன்னானிக்கு எதிரே நம் ஊர்க் காற்று

நேயர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் மேல்காற்று. தென்னை மட்டை முறிந்து விழும், ஓடு பறக்கும், காற்றாலைகள் இரவு பகல் பாராமல் சுற்றும். மார்கழி, தை மாதங்களில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீசும். இரண்டுக்கும் வாசல் பாலக்காட்டுக் கணவாய்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் வாசல் அது. நம் வயல்களைத் தடவிவிட்டு அந்த வாசலைத் தாண்டுகிற கீழ்க்காற்று அப்புறம் எங்கே போகிறது? அரபிக் கடலில், ஒரு பாய்மரப் படகில் இருந்தபோது அதற்கு விடை கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கொச்சியிலிருந்து கோழிக்கோடு வரை, மலபார்க் கரையோரமாகத் தை மாதத்தில் போனோம். கடல்வழியில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். படகு 32 அடி நீளம். ஓட்டியவர் தூத்துக்குடிக்காரர், தோணித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். எனக்கு அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். இஞ்சின் இருக்கிறது, ஆனால் துறைக்குள் நுழையவும் வெளியேறவும் மட்டுமே அதைத் தொடுவார். மற்ற நேரமெல்லாம் பாய்தான். மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் வேகம். சைக்கிளில் போகிறவர் நம்மை முந்திவிடுவார். அந்த வேகத்தில்தான் ஒரு கரை கண்ணுக்கு முழுதாகத் தெரிகிறது என்பது என் துணிவு.

பாயைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். எப்போதாவது மட்டுமே அப்படி. உடுமலைக் காற்றாலையின் இறக்கையைப் பாருங்கள். அதன் வளைந்த முதுகின் மேல் காற்று வேகமாக வழுக்கி ஓடும்போது அந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது. இறக்கை அங்கே இழுபட்டுச் சுழல்கிறது. பாயும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் காற்று வரும் திசையை நோக்கியே, சுமார் 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறிப் படகை முன்னேற்ற முடிகிறது. படகு ஒருபக்கம் சாயும். அடியில் இருக்கும் கனத்த உலோகத் தகடு அதைக் கவிழவிடாது.

பாயின் இருபுறமும் விரல் நீளத்தில் கம்பளி நூல் துண்டுகளைத் தைத்திருந்தார்கள். முதல் நாள் முழுதும் எனக்குக் கொடுத்த வேலை அந்த நூலைப் பார்ப்பதுதான். இரண்டு பக்க நூலும் பாயோடு ஒட்டிப் படுத்து நேராக ஓடினால் பாய் சரியாக நிற்கிறது என்று பொருள். வெளிப்பக்கத்து நூல் துடித்தால், "தாமானை இளக்கு, தம்பி" என்பார். உள்பக்கத்து நூல் துடித்தால், "இழுத்துக் கட்டு" என்பார். தாமான் என்பது பாயின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கயிறு. கயிற்றை ஒரு சாண் இளக்கினால் படகின் ஓட்டமே மாறுகிறது. நூலோடு பிழைக்கிற ஊர்க்காரனுக்கு இது புரிய வெகுநேரம் ஆகவில்லை.

அந்தக் கரையில் காற்றுக்கு ஒரு நாள் முறை உண்டு. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். முற்பகலில் ஓய்ந்துவிடும், பாய் தொங்கும், வெயில் கொளுத்தும். பிற்பகலில் நிலம் சூடேறியதும் வடமேற்கிலிருந்து கடல்காற்று எழும். வடக்கே போகிறவர்களுக்கு அது ஏறக்குறைய முகத்துக்கு நேர். மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக விடியலில் கரைக்காற்றில் கடலுக்குப் போய், பிற்பகல் கடல்காற்றில் கரைக்குத் திரும்பியது இந்த முறையை வைத்துத்தான். நாங்களும் முக்கால்வாசித் தூரத்தை இரவிலேயே ஓடிக் கடந்தோம். மீன்வலைகளில் சிக்காமல் இருக்க ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

பொன்னானிக்கு எதிரே வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அதுவரை மெல்ல வீசிய கரைக்காற்று திடீரென்று வலுத்தது. ஈரமில்லாத காற்று, சற்று நேரத்தில் உதடு வறண்டது, கயிற்றிலிருந்த உப்புநீர் காய்ந்து வெள்ளை படிந்தது. அண்ணன் எழுந்து வந்து பெரிய பாயைப் பாதியாகச் சுருக்கிக் கட்டச் சொன்னார். கட்டி முடித்ததும், "தம்பி, இது உங்கள் ஊர்க் காற்று" என்றார்.

உண்மைதான். பாலக்காடும் பொன்னானியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. கணவாயில் நெருங்கி வேகம் பிடித்த கீழ்க்காற்று நேரே அங்கே வந்து கடலில் இறங்குகிறது. தண்ணீரும் அப்படியே. ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் போய்ப் பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில்தான் கடலைச் சேர்கிறது. பொள்ளாச்சியில் வாய்க்கால் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த இருட்டில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது மனம் நிறைந்துவிட்டது.

கொங்கு நாட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலும் பதில் உண்டு. நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுவே என்று அகழாய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கே கல்மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்தார்கள். பக்கத்துப் படியூரில் பச்சைக்கல். கரூரில் ரோமானியக் காசுகள். இந்தச் சரக்கு கணவாய் வழியாக, மலபார்க் கரையின் பழந்துறையான முசிறிக்குப் போய், தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி வந்த மரக்கலங்களில் ஏறி, செங்கடல் துறைகளுக்குப் போனது. எகிப்தின் பெரெனிகே துறைமுக அகழாய்வில் இந்தியப் பருத்தியில் நெய்த பாய்த்துணியே கிடைத்திருக்கிறது. மரக்கலத்தின் சரக்கும் நம்முடையது, பாயும் நம் நாட்டுப் பருத்தி. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலில் வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

பாய்மரம் ஆண்களுக்கு மட்டும் என்றும் யாரும் எண்ண வேண்டாம். கோழிக்கோட்டுத் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும், இந்தியக் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 56 அடி 'தாரிணி'யில் புறப்பட்டு, இருவர் மட்டுமே உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். கோவையிலிருந்து கொச்சி ரயிலில் சில மணி நேரம்தான். முதலில் காயலுக்குள் ஒரு நாள் ஓடிப் பழகுங்கள், பிறகு கடல். உயிர்காப்புச் சட்டையைப் படகில் ஏறியது முதல் கழற்றாதீர்கள். முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். குமட்டினால் படகுக்குள் போய்ப் படுக்காமல் மேலே உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். ஜூன் பிறந்துவிட்டால் சிறு பாய்மரப் படகுகளுக்கு அந்தக் கடலில் வேலை இல்லை. செப்டம்பர் முடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வணக்கம்.