19 ஆண்டு மாற்றாத கத்தி

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். நான் மாட்டை அறுத்துக் கூறுபோடும் ஒரு சமையற்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். சைவ நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாவோ என்பது இயற்கையின் போக்கோடு இசைந்து வாழச் சொல்லும் சீனத்துத் தத்துவம். அதன் ஞானிகளில் பெரிய கதைசொல்லி, கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவாங் சூ. அவர் பெயரால் வழங்கும் நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் டிங் என்ற அந்தச் சமையற்காரர் வருகிறார். வென்ஹூய் என்ற பிரபு பக்கத்தில் நின்று பார்க்கிறார். கை படுவது, தோள் சாய்வது, கால் ஊன்றுவது, கத்தி ஓடுவது எல்லாமே தாளம் தப்பாமல் நடக்கிறது. பிரபு அசந்துபோய், இது எப்படி வந்தது என்று கேட்கிறார்.

டிங் சொல்கிறார்: சாதாரண சமையற்காரர் எலும்பில் போட்டு வெட்டுவார், மாதம் ஒரு கத்தி கேட்கும். கெட்டிக்காரருக்கு வருடம் ஒன்று. என் கத்திக்கு வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பார்த்துவிட்டது, இன்னும் இப்போதுதான் சாணை பிடித்த மாதிரி இருக்கிறது. மூட்டுக்கு மூட்டு இடைவெளி உண்டு, நான் அதற்குள் போகிறேன்.

இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. சிக்கலான மூட்டு வந்தால் டிங்கும் தயங்குகிறார். பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறது, கை மெதுவாகிறது, கத்தி அசைகிறதா என்றே தெரியாது. சட்டென்று மண்கட்டி உதிர்வது போல மாமிசம் பிரிந்து விழுகிறது. உடனே அடுத்த வேலைக்கு ஓடவில்லை மனிதர். கத்தியோடு நிமிர்ந்து நிற்கிறார், சுற்றிப் பார்க்கிறார், கொஞ்ச நேரம் அந்த நிறைவோடு இருக்கிறார். பிறகு கத்தியைத் துடைத்து உறையில் வைக்கிறார்.

நாம் தலைகீழ். கணக்கு உதைக்கிற இடத்தில்தான் வேகத்தைக் கூட்டுகிறோம். வேலை முடிந்த அடுத்த நொடி கை செல்போனுக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஓய்வைத் தள்ளிவைக்கிறோம். டிங்குக்கு ஓய்வு வேலைக்குள்ளேயே இருக்கிறது. அவரைச் சோம்பேறி என்று யாராவது சொல்ல முடியுமா?

சீனப் பூங்காக்களில் காலையில் தாய்ச்சி என்ற மெதுவான உடற்பயிற்சி பழகுகிறவர்களிடமும் இதைப் பார்க்கலாம். ஒரு கால் பாரம் தாங்கும்போது மற்றது காலியாக இருக்கும். அந்தக் கால்தான் அடுத்த அடிக்குத் தயார். நாளைக்குப் பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்து பாருங்கள். பாரத்தை மெல்ல ஒரு காலுக்குக் கொண்டுபோய், மற்றது லேசாவதைக் கவனித்து, அப்புறம் மாற்ற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.