பூட்டுக்கு முன் நிமிடக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் பேச வந்தால் முதலில் கேட்பது, "எத்தனை கேமரா போட்டால் போதும்?" என்பதுதான். நான் பதில் சொல்லாமல் திருப்பி ஒன்று கேட்பேன். "இரவு இரண்டு மணிக்கு உங்கள் ஷட்டரை ஒருவன் நெம்பத் தொடங்குகிறான். அது உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்த பிறகு யார், எத்தனை நிமிடத்தில் அங்கே வந்து நிற்பார்?" பெரும்பாலும் விடை வராது. அந்த விடை கைக்கு வரும்வரை, கேமரா நான்கா எட்டா என்பது இரண்டாவது பேச்சு.

எந்தப் பூட்டும் திருடனை ஒரேயடியாகத் தடுத்துவிடாது. தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அலாரம் செய்தி சொல்லும். யாராவது வந்தால்தான் திருட்டு நிற்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உதவி வந்து சேர 12 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். ஷட்டர் 4 நிமிடம் தாங்கும், உள்கதவு 2 நிமிடம், பணப்பெட்டகம் 10 நிமிடம். மொத்தம் 16. ஆனால் சென்சார் கடைக்குள்ளே மட்டும் இருந்தால், ஷட்டரையும் கதவையும் உடைத்து அவன் உள்ளே கால் வைத்த பிறகுதான் அலாரம் அடிக்கும். அப்போது மிச்சம் 10 நிமிடம். வருகிறவருக்கு வேண்டியது 12. பணம் போயிற்று. அதே கடையில் ஷட்டர்மீதே அதிர்வை உணரும் சென்சார் ஒன்றை வைத்திருந்தால், முதல் நெம்பலிலேயே செய்தி போயிருக்கும். 16 நிமிடமும் உங்கள் பக்கம். பெட்டகத்தை மாற்றவில்லை, பூட்டை மாற்றவில்லை. சென்சார் இருக்கும் இடம் மட்டும் மாறியது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 16 நிமிடம் பெட்டகத்துக்குள் இருக்கும் பணத்துக்குத்தான். அலமாரியில் இருக்கும் சரக்குக்கு ஷட்டரும் கதவும் சேர்ந்த 6 நிமிடம்தான் காவல். விலை கூடிய சின்னச் சரக்கை இரவில் ஷோகேஸிலேயே விட்டுவிட்டு, கல்லாப் பணத்தை மட்டும் பூட்டிவைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கதவு எத்தனை நிமிடம் தாங்கும் என்று எப்படித் தெரியும்? விற்பவர் "ரொம்ப ஸ்ட்ராங்" என்பார். அதை விட்டுவிட்டுத் தரச் சான்றைக் கேளுங்கள். கதவு, ஜன்னல், ஷட்டர்களுக்கு ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1627 இருக்கிறது. அதில் ஆர்சி 1 முதல் ஆர்சி 6 வரை வகுப்புகள். ஆர்சி 2 என்றால் ஸ்க்ரூடிரைவர், குறடு, ஆப்பு போன்ற எளிய கருவிகளோடு 3 நிமிடம் தாங்கியது என்று பொருள். ஆர்சி 3 என்றால் கடப்பாரையும் சேர்த்து 5 நிமிடம். பணப்பெட்டகத்துக்கு அமெரிக்காவின் யூஎல் தரத்தில் டிஎல்-15, டிஎல்-30 என்ற வகைகள் உண்டு. 15, 30 என்பவை நிமிடங்கள். அதிலும் கருவி பெட்டகத்தின்மேல் வேலை செய்யும் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். சோதிப்பவர் மூச்சு வாங்க நின்றால் கடிகாரமும் நிற்கும்.

பெட்டகம் வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தீயிலிருந்து காக்கும் பெட்டகம் வேறு, திருட்டிலிருந்து காக்கும் பெட்டகம் வேறு. தீப்பெட்டகத்தின் சுவர் கனமாக இருக்கும். ஆனால் அந்தக் கனம் முழுக்க வெப்பத்தைத் தடுக்கும் நிரப்புப் பொருள். இரண்டு பக்கமும் மெல்லிய தகடுதான். கைதேர்ந்தவன் அதை வெகுநேரம் விட்டுவைக்க மாட்டான். தீக்காப்பிலும் வகை உண்டு. காகிதத்துக்கான பெட்டகம் உள்ளே சுமார் 177 டிகிரி செல்சியஸ் வரை விடும். காகிதம் அதில் பிழைத்துக்கொள்ளும், ஹார்ட் டிஸ்க் பிழைக்காது. கணினித் தரவுக்கு உள்வெப்பம் 52 டிகிரியைத் தாண்டாத வகை வேண்டும். எதைக் காக்கப் பெட்டகம் வாங்குகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இறுக்காத சின்னப் பெட்டகத்தைக் கடையில் உட்கார்ந்து உடைக்க வேண்டியதே இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். காப்பீடு எடுத்திருந்தால், எந்தத் தரத்துப் பெட்டகத்துக்கு எவ்வளவு தொகைவரை ஒப்புக்கொள்வார்கள் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே கடைக்குப் போங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். டஃபன்டு கண்ணாடி வலுவானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கை கால் கிழியாமல் சின்னத் துண்டுகளாக நொறுங்குவதுதான் அதன் குணம். கூரான ஒரு முனை ஓங்கிப் பட்டால் முழுப் பலகையும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். திருட்டுக்கு எதிராக வேண்டியது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால், உடைந்தாலும் சட்டத்தைவிட்டு விழாது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போடப் பலமுறை அடிக்க வேண்டும். அந்தச் சத்தமும் நேரமும் நமக்கு லாபம். கதவுப் பூட்டில் சாவி நுழையும் சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து முறித்துவிடலாம். தொங்குபூட்டு என்றால் வளையம் வெளியே தெரியாத வகை நல்லது. பூட்டு எவ்வளவு உயர்தரமானாலும், கொண்டி துருப்பிடித்திருந்தால் அவன் பூட்டைத் தொடப்போவதே இல்லை.

அலாரத்தில் எல்லோரும் வாங்குவது பிஐஆர் என்கிற அசைவு சென்சார். மனித உடலின் வெப்பம் இடம் மாறுவதை அது உணர்கிறது. தனக்குக் குறுக்கே நடப்பவரை உடனே பிடித்துவிடும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைச் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே கதவுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். ஆள் குறுக்கே கடக்கும்படி மூலையில் மாட்டுங்கள். ஏசி காற்று அடிக்கும் இடமும் வெயில் நேரே விழும் இடமும் ஆகாது. பொய் அலாரத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நாலு இரவு வீணாக அடித்த அலாரத்துக்கு ஐந்தாவது இரவு யாரும் எழுந்து வரமாட்டார்கள். தொந்தரவு அதிகமுள்ள இடத்தில் பிஐஆரும், நுண்ணலை அனுப்பி அசைவை உணரும் மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை சென்சார் போடலாம். இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் அது அடிக்கும். செய்தி வெளியே போக இரண்டு வழி இருக்கட்டும். இணையக் கம்பியை அறுத்துவிட்டால் மொபைல் வழியில் போகட்டும். மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

இனி கேமரா. அது காவலாளி இல்லை, சாட்சி. சாட்சிக்கு முகம் தெரிய வேண்டும். ஓர் ஆளை ஐயமில்லாமல் அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றும் அளவு. முழு எச்டி கேமராவின் படம் குறுக்கே 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். அதைவிட அகலமான பரப்பை அந்த ஒரே கேமராவில் அடக்கினால், ஆள் நடமாடியது தெரியும், இன்னார் என்று தெரியாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் பதிவாகாத முகம் வராது. இதனால்தான் கடை முழுவதற்கும் அகலமாக ஒன்று, வாசலில் முகத்தைப் பிடிக்க நெருக்கமாக ஒன்று என்று பிரித்துப் போடச் சொல்கிறேன். வாசல் கேமரா உத்தரத்தில் இருந்தால் தலைமுடியும் தொப்பியும்தான் பதிவாகும். பகல் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் நுழைபவரின் முகம் கறுத்துப்போகும், அதற்கு வெளிச்சமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் டபிள்யூடிஆர் வசதி உள்ள கேமரா வேண்டும்.

சேமிப்பையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி. எட்டுக் கேமரா, முப்பது நாள் என்றால் பத்து டிபியைத் தாண்டும். இதைச் சொல்லாமல் சின்ன டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. திருட்டு நடந்தது பத்து நாள் கழித்து ஸ்டாக் எடுக்கும்போது தெரியவரும், அதற்குள் அந்தப் பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறியிருக்கும். பதிவுப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே வைக்காதீர்கள். போகிற திருடன் அதையும் எடுத்துக்கொண்டு போவான். பூட்டிய இடத்தில் வையுங்கள், முக்கியமான கேமராவுக்கு மட்டுமாவது கிளவுடில் ஒரு பிரதி இருக்கட்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் புகுந்தது. அவற்றை ஒரு படையாகத் திரட்டித் தாக்கியதில், அந்த அக்டோபரில் பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. காவலுக்கு வாங்கிய பொருளே அடியாள் வேலை பார்த்தது.

பகல் திருட்டு வேறு ஜாதி. கதவு திறந்தே இருக்கிறது, ஆள் வாடிக்கையாளராக வருகிறார். இங்கே நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகிவிடும். சரக்கில் மாட்டிய டேக் கழற்றப்படாமல் வெளியே போனால் சத்தம் போடும் கதவங்கள் வாசலில் நிற்பது இதற்குத்தான். பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 8.2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் இயங்குவது. காகிதம்போல் ஒட்டும் டேக், மலிவு. ஆனால் உலோகப் பெட்டியின்மேல் ஒட்டினால் ஊமையாகிவிடும். மற்றது 58 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் அக்கூஸ்டோ மேக்னடிக் வகை. டேக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை, கதவம் அனுப்பும் துடிப்புக்கு அதிர்ந்து, துடிப்பு நின்ற பின்னும் ஒரு கணம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த மிச்ச அதிர்வைத்தான் கதவம் கேட்கிறது. அகலமான வாசலுக்கு இது ஏற்றது. இந்த இரண்டும் ஒன்றின் டேக்கை மற்றது உணராது. ஆகவே கதவத்தை வாங்கும்போதே பல வருட டேக் செலவையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அலுமினியத் தாள் உட்புறம் ஒட்டிய பை இரண்டையுமே ஏமாற்றக்கூடும். இடையில் ஒன்று: பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் கதவங்களைக் கடந்து போகலாம், அருகிலேயே நிற்கவோ சாயவோ கூடாது. வாசலை ஒட்டி நாற்காலி போடும் வழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எல்லாச் சரக்குக்கும் டேக் தேவையில்லை. சின்னது, விலை கூடியது, வெளியே எளிதில் விற்கக்கூடியது, இந்த மூன்றும் பொருந்தும் சரக்கு எது என்று பாருங்கள். அதற்கு முன் செலவே இல்லாத வேலை ஒன்று செய்யலாம். பில் போடுமிடத்தில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். எந்த அலமாரி கண்ணை மறைக்கிறதோ அதன் உயரத்தைக் குறையுங்கள், அல்லது விலை கூடிய சரக்கை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

வேலியே பயிரை மேயும் சங்கதியையும் பேசாமல் விட முடியாது. உள்ளிருந்து போகும் பணத்துக்குக் கேமராவைவிட பில் மென்பொருள் நல்ல துப்பறிவாளர். ரத்து செய்த பில், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் திருப்பிக் கொடுத்த பணம், விற்பனை இல்லாமல் திறந்த கல்லா, இவற்றை வாரம் ஒருமுறை தனியே எடுத்து, அந்த நேரத்துக் கேமராப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். இரண்டின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி பாஸ்வேர்டு கொடுங்கள். பொதுப் பாஸ்வேர்டில் பணம் குறைந்தால் நேர்மையான ஊழியரும் சேர்ந்து சந்தேகத்தில் நிற்பார். உடை மாற்றும் அறையிலும் கழிப்பறையிலும் கேமரா கூடவே கூடாது.

மின்காந்தப் பூட்டு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சாரம் போனாலும், தீ அலாரம் அடித்தாலும், உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் கதவைத் திறந்து வெளியேற முடிய வேண்டும். சரக்கைக் காக்கப் போய் ஆளைப் பூட்டிவைக்கும் கதவு எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். ஆயுதத்தோடு வந்து பணம் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் சரி. மேசைக்கு அடியில் சத்தம் போடாத அவசரப் பொத்தான் இருந்தால், ஆபத்தில்லாத நேரத்தில் மட்டும் அழுத்த ஊழியருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, எல்லாம் மாட்டி முடித்த நாளன்று செய்ய வேண்டியது. மாட்டியவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு சென்சார் முன்பும் நீங்களே நடந்து பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, அலாரம் பேட்டரியில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரவில் வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, பதிவான படத்தில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். விடுமுறை நாளில் பழுதானால் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை எழுதி வாங்குங்கள். அலாரப் பெட்டியில் உங்கள் குறியீட்டைத் தவிர, மாட்டியவர் பயன்படுத்திய குறியீடும் ஒன்று இருக்கும். அவர் படி இறங்கும் முன், உங்கள் கண்முன்னே அதை மாற்றித்தரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.