கொப்பியில் எழுதிய கடன்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி இந்நிகழ்வைத் தொடக்கி வைத்த ஓய்வுபெற்ற அதிபர் அம்மா அவர்களே, மாநகர சபையின் முன்னாள் உறுப்பினர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகளே, வங்கித் துறை நண்பர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்கி வந்திருக்கும் இளம் தம்பதியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அதிபர் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் இன்றிரவு எனக்கு வீட்டில் சாப்பாடு கிடையாது. என் மகளுக்குக் கணிதம் கற்பித்தவர் அவர். அவள் கணக்கில் தேறியது அம்மாவால், சிக்கனத்தில் தேறாமற்போனது என்னால். மண்டப வாடகையில் பாதியைத் தாமாகவே ஏற்றுக்கொண்டு, தம் பெயரைச் சொல்லவே கூடாதென்று கண்டிப்பாகக் கூறிவிட்ட வர்த்தகப் பெருமகனுக்கும் நன்றி. அவருடைய பெயரை நான் சொல்லமாட்டேன். மூன்றாவது மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். தலைவர் அவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்புக்கு நன்றி. ஆயினும் என் அலுமாரியில் ஒரு தட்டு முழுவதும் பொன்னாடைகள் கிடக்கின்றன, அவற்றைக் கொண்டு எந்தக் குடும்பமும் ஒரு தவணை கட்டியதாக நான் அறியேன். அடுத்த முறை அந்தக் காசுக்கு நூறு பக்கக் கொப்பிகள் வாங்கி வாசலில் வருவோருக்குக் கொடுங்கள் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏன் கொப்பி என்பது போகப் போக விளங்கும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு இளம் குடும்பங்களும் கடனும் என்பது. இதில் மூன்று விடயங்களைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். முதலாவது, கடனை எண்ணுவது. இரண்டாவது, எண்ணிய கடனை அடைப்பது. மூன்றாவது, அடைத்த பின் மிஞ்சுவதைச் சேர்ப்பது. மூன்றுக்கும் சேர்த்து என் பாட்டி ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தார்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. ஆற்றில் போடுவது திரும்பி வரப்போவதில்லையே, அதை ஏன் அளக்க வேண்டும் என்று சிறுவனாக இருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். கையில் மிச்சம் எவ்வளவு என்று தெரிவதற்காக, என்றார்.

கடன்பட்ட இளையோரை ஊதாரிகள் என்று ஏசுவது நம் பெரியவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதே மாதத்தில் கடனட்டை வட்டிக்கு அதுவரை இருந்த உச்சவரம்பும் நீங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சம்பளம் அப்படியே இருக்க, அரிசியும் பால்மாவும் பேருந்துக் கட்டணமும் இப்படி ஏறிய ஆண்டில் கலியாணம் செய்துகொண்ட பிள்ளைகள் கடனட்டையைத் தேய்த்துச் சமாளித்தார்கள் என்றால், அதை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிலே தவறினார்கள் என்று கேட்டால், அளக்கத் தவறினார்கள் என்பேன்.

அப்படி ஒரு தம்பதியர் 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என்னிடம் வந்தார்கள். தம்பி கோட்டையில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் எழுதுவினைஞர். அவர் மனைவியான அந்தப் பிள்ளைக்கு மருந்தகமொன்றில் வேலை. இருவர் கைக்கும் வருவது மாதம் 157,000 ரூபாய். எத்தனை கடன் இருக்கிறது என்று கேட்டேன். தம்பி நான்கு என்றார், பிள்ளை ஐந்து என்றார். கொப்பியைக் கொடுத்து, இங்கேயே இருந்து எழுதுங்கள் என்றேன். பெரிய கடனட்டையில் 240,000, சிறியதில் 110,000. கலியாணத்துக்கு எடுத்த கடனுக்கு மாதத் தவணை 21,500. மோட்டார் சைக்கிள் லீசிங் 16,800. குளிரூட்டிப் பெட்டிக்கும் கதிரைகளுக்கும் 7,900. முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துவிட்ட சீட்டுக்கு 10,000. செட்டியார் தெருவில் அடகில் இருக்கும் சங்கிலிக்கு வட்டி 3,000. எழுதி முடிந்ததும் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, நண்பரிடம் கைமாற்றாக வாங்கிய 50,000 ஒன்றும் இருக்கிறது என்றார். பிள்ளைக்கு அது புதுச் செய்தி. அந்த இரவைப் பற்றி நான் விரித்துரைக்கப் போவதில்லை.

அட்டைகளுக்குக் குறைந்தபட்சமாகக் கட்டும் 17,500ஐயும் சேர்த்தால் மாதம் 76,700 கடனுக்கே போகிறது. வீட்டு வாடகை 45,000. மிஞ்சும் 35,300 ரூபாயில் இருவர் கொழும்பில் உண்டு, உடுத்து, பயணித்து, மின்சாரப் பட்டியலும் கட்ட முடியாது. ஆகவே இருபதாம் திகதிக்குப் பிறகு அட்டையைத் தேய்ப்பார்கள். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 28 சதவீதம், அடகு வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு விதித்தது உண்மைதான். ஆனால் 350,000 ரூபாய்க்கு 28 சதவீதம் என்பது மாதத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேல். அவர்கள் கட்டிய குறைந்தபட்சத் தொகையில் பாதி வட்டிக்கே போய், மற்றப் பாதி அடைத்த இடத்தைத் திரும்பத் தேய்த்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன என் பாட்டி, ஆறே திரும்பி வந்து வட்டி கேட்கும் என்பதைக் கண்டிருக்கவில்லை.

இனி அந்தச் சங்கிலியின் கதை. நேரம் போகிறது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. சங்கிலி மூன்று பவுண். தம்பியின் தாயார் தம் கழுத்திலிருந்து கழற்றி மருமகளுக்குப் போட்டது. பம்பலப்பிட்டியில் உறவுக்காரக் கலியாணம் ஒன்றுக்காக அந்த அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். காலையில் தேநீர் குடித்தபடி, "பிள்ளை, நாளைக்கு அந்தச் சங்கிலியைப் போடும்" என்றார். மருமகள், அது லொக்கரில் இருக்கிறது மாமி, நாளை ஞாயிறு, வங்கி பூட்டு என்றாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் சமைப்பதற்கு அரிசி வாளியைத் திறந்தவர், அதற்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அடகுச் சீட்டு. "இந்த லொக்கர் செட்டியார் தெருவிலை எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டாராம்.

அன்று பின்னேரம் சமாதானத்துக்கு என்னை அழைத்தார்கள். நான் போனபோது மருமகள் அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள், தம்பி பல்கனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த அம்மா மட்டும் அசையாமல் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாக அடகில் இருக்கிறது என்று கேட்டார். முப்பது மாதம். மாத வட்டி? மூவாயிரம். விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "தொண்ணூறாயிரம் கட்டிப்போட்டுச் சங்கிலியைக் கண்ணாலை பாக்கேல்லையோ? அடகுக்கடைக்காரன்ரை பெட்டிக்கை கிடக்கிறதுக்கு நான் ஏன் கழட்டித் தந்தனான்? மீட்டு வித்துப்போட்டு அந்தக் காட்டுக் கடனைக் கட்டுங்கோ!" கார்ட் என்பதைத்தான் அவர் காட்டு என்றார், அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. விற்றுவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது எனத் தயங்கிக்கொண்டு போனவன் நான். அதை அவரே சொல்லிவிட்டார்.

2022க்குப் பிறகு தங்க விலை ஏறியிருந்ததால் அது நடந்தது. பழைய நகைக்குரிய கழிவு போக, அடகுக் காசும் நிலுவை வட்டியும் தீர்ந்து 235,000 ரூபாய் கைக்கு வந்தது. பெரிய அட்டையை மூட இன்னும் ஐயாயிரம் குறைந்தது. மாமியார் சுருக்குப் பையைத் திறந்து, நாலாக மடித்த ஓர் ஐயாயிரம் ரூபாய்த் தாளை எடுத்துக் கொப்பியின் மேல் வைத்தார். "இதையும் எழுதுங்கோ, மாமியின்ரை கடன் எண்டு எழுதுங்கோ" என்றார். கலியாண வீட்டுக்கு மருமகள் வெறுங்கழுத்தோடு போனாள், பக்கத்தில் மாமியாரும் தம் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்தவை கணக்கு மட்டுமே. அட்டைத் தவணையில் குறைந்த 12,000மும் அடகு வட்டி 3,000மும் சேர்ந்து மாதம் 15,000 விடுபட்டது. அதைத் தொடாமல் சிறிய அட்டையில் போட்டார்கள். ஆறு மாதத்தில் அதுவும் முடிந்தது. அதற்குள் சீட்டும் முடிந்தது. நண்பரின் காசு பண்டிகை முற்பணத்தில் போயிற்று. எது வட்டி கூடியதோ அதை முதலில் அடைத்தார்கள், அவ்வளவுதான். நடுவில் கடனட்டைத் தொலைபேசிகளுக்குப் பயந்து, கடன் பதிவுகளை வைத்திருக்கும் கிரிப்பில் பெயர் விழுந்துவிடுமோ என்று பிள்ளை நித்திரையில்லாமல் கிடந்ததுண்டு. 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தக் கடன் தகவல் பணியகத்தில் ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும், கட்டத் தவறியதும் பதிவாகும். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறவும் முடியும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கலியாணக் கடனில் 420,000 மீதி இருந்தபோது, உறவினர் ஒருவர் வட்டியில்லாமல் தர இசைய, அதை ஒரேயடியாகத் தீர்க்கலாமென்று இருவரும் அந்த நிறுவனத்துக்குப் போனார்கள். முன்கூட்டியே தீர்ப்பதென்றால் மீதித் தொகையில் ஐந்து சதவீதம் கட்டணம் என்றார் உத்தியோகத்தர். 21,000 ரூபாய், ஏறக்குறைய ஒரு மாதத் தவணை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றார் தம்பி. ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது என்று பதில் வந்தது. இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. சிறிய எழுத்தில் இருந்தது. அந்தப் பிள்ளை தமிழ் மொழிமூலம் உயர்தரம் சித்தியடைந்தவள்; தமிழில் இருந்திருந்தால் பதினோராம் பக்கத்தையும் வாசித்திருப்பாள்.

நானும் முப்பது ஆண்டுகள் கணக்காளராக இருந்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், அப்படியிருந்தும் புள்ளி போட்ட இடங்களில் மட்டும் கையெழுத்திட்டு எழுந்து வந்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று மேடை மேடையாகச் சொல்லிவிட்டு, அளவுகோலை வேறொரு மொழியில் கொடுத்தால் பிள்ளைகள் எதைக் கொண்டு அளப்பார்கள்? 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, கருமபீடத்தில் இருப்பவரிடம் தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் கடன் கிடைக்காமற்போகுமோ என்ற கூச்சம். புடவைக் கடையில் ஒரு மணித்தியாலம் நிறம் பார்த்துப் பேரம் பேசுகிற நாம், ஐந்தாண்டுக் கடனுக்கு ஐந்து நிமிடத்தில் கையெழுத்திடுகிறோம்.

முழு ஒப்பந்தத்தையும் மொழிபெயர்த்துத் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை, அதற்கான செலவு எவ்வளவென்று வங்கி நண்பர்கள் உடனே சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நாம் கேட்பது ஒரு பக்கம். ஆண்டு வட்டி எவ்வளவு, தவணைகள் எல்லாம் முடியும்போது மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்போம், பிந்தினால் என்ன அபராதம், முந்தித் தீர்த்தால் என்ன கட்டணம், பிணையாளியின் தலையில் எது விழும். இந்த ஐந்தும் தெளிவான எழுத்தில், தமிழில், கையெழுத்திடுவதற்கு முன் கையில் தரப்பட வேண்டும்.

மூன்றாவது விடயமான சேமிப்பைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் இரண்டாவது முறையாக மணியைத் தட்டிவிட்டார்கள். முன்னாள் உறுப்பினர் ஐயா அவர்கள், இந்த ஐந்தையும் கேட்டு நாம் எழுதியிருக்கும் விண்ணப்பத்தை நேரில் கையளிக்க வருவதாக மேடைக்கு வரும் வழியில் வாக்களித்திருக்கிறார்கள். இத்தனை பேர் முன்னிலையில் நான் அதைச் சொல்லிவிட்டதால் இனி அவர்களால் பின்வாங்க இயலாது. வெளிவாசலுக்கு அருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். விண்ணப்பம் இரண்டே பக்கம், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தயவுசெய்து வரிசையில் நின்று அவசரமாகக் கையெழுத்திட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓரமாகக் கதிரைகளும் போட்டிருக்கிறோம்; அமர்ந்து, இரண்டாம் பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.